பிள்ளைகளோடு சென்னை மியூசியங்கள்: எங்கே தொடங்குவது, எப்படிப் பார்ப்பது

சென்னைக்குப் புதிதாகக் குடிவந்த குடும்பங்கள் முதல் சில மாதம் மெரினா, வண்டலூர், மால் என்று சுற்றுவார்கள். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை வந்தால் எங்கே போவதென்று முழிப்பார்கள். "மியூசியம் போகலாமே" என்று சொன்னால், "பிள்ளைங்களுக்கு போரடிக்குமே" என்பதுதான் வழக்கமான பதில். போரடிக்கத்தான் செய்யும், டிக்கெட் வாங்கியாயிற்று என்பதற்காக ஒரு கூடம் விடாமல் இழுத்துக்கொண்டு போனால். அப்படிப் போனால் பெரியவர்களுக்கே இரண்டு மணி நேரத்தில் கால் கடுத்து, கண் எரிந்து, கோபம் வரும்.

அதனால் முதலிலேயே ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஒரு மியூசியம். அதில் இரண்டு கூடம். ஒரு கூடத்தில் நாலைந்து பொருள். மிச்சத்தைப் பார்க்காமல் வருவதில் ஒரு நஷ்டமும் இல்லை. நீங்கள் இந்த ஊரில்தான் இருக்கப்போகிறீர்கள், அவையும் இங்கேதான் இருக்கும். சுற்றுலா வந்தவர்களுக்கு இந்த வசதி கிடையாது.

எந்த மியூசியத்தில் தொடங்குவது

எல்லோரும் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில்தான் தொடங்குகிறார்கள். பிள்ளைக்கு ஏழெட்டு வயது ஆகியிருந்தால் தாராளமாகத் தொடங்கலாம். அதைவிடச் சின்னப் பிள்ளைகள் என்றால் என் ஓட்டு ரயில் மியூசியத்துக்கு. பெரம்பூர் ஐ.சி.எஃப். என்ற ரயில் பெட்டித் தொழிற்சாலை வளாகத்தை ஒட்டி இருக்கிறது. திறந்தவெளியில் பழைய இஞ்சின்களும் பெட்டிகளும் நிற்கின்றன, சின்ன ரயில் ஒன்றும் ஓடுகிறது. "ஓடாதே, சத்தம் போடாதே" என்று நிமிடத்துக்கு ஒருமுறை சொல்ல வேண்டியதில்லை. மியூசியம் என்றாலே வாயைப் பொத்திக்கொண்டு நடக்கும் இடம் என்ற எண்ணம் பிள்ளை மனதில் விழாமல் இருக்க இதுவே நல்ல வழி.

எட்டு முதல் பன்னிரண்டு வரை பொற்காலம். எதைக் காட்டினாலும் கேள்வி வரும். எழும்பூர், புனித ஜார்ஜ் கோட்டை மியூசியம், கோளரங்கம் மூன்றும் இந்த வயதுக்குப் பொருந்தும். பதின்மூன்று தாண்டியவர்களை எங்கே கூட்டிப்போவது என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள். ஊரில் என்னென்ன இருக்கின்றன என்று சொல்லிவிட்டு அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பழைய கமிஷனர் அலுவலகக் கட்டடத்தில் 2021இல் திறந்த காவல் அருங்காட்சியகத்தைத் தேர்ந்தெடுத்தால் ஆச்சரியப்படாதீர்கள். அதுவும் எழும்பூரில்தான் இருக்கிறது.

விடுமுறை நாளைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்

இந்த ஊரில் மியூசியங்கள் எல்லாம் ஒரே நாளில் மூடுவதில்லை. எழும்பூருக்கும் கோட்டைக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. ரயில் மியூசியத்துக்குத் திங்கள், முட்டுக்காட்டில் பழைய வீடுகளை எழுப்பி வைத்திருக்கும் தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய். குடியரசு தினம், சுதந்திர தினம் போன்ற தேசிய விடுமுறைகளிலும் அரசு மியூசியங்கள் மூடியிருக்கும். பள்ளி லீவு விட்ட வெள்ளிக்கிழமை எழும்பூர் வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கிவிட்டு, பூட்டிய கேட்டைப் பார்த்து நிற்கும் குடும்பங்களை அந்தப் பக்கம் அடிக்கடி பார்க்கலாம்.

திறந்திருக்கும் நாளிலும் எல்லாக் கூடமும் திறந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பராமரிப்பு வேலைக்காக ஏதாவது ஒன்றைச் சாத்தி வைத்திருப்பார்கள். டிக்கெட் கவுன்டரிலேயே "இன்னிக்கு எந்த காலரி மூடியிருக்கு?" என்று கேட்டுவிடுங்கள். பிள்ளை ஆசைப்பட்ட கூடமே பூட்டியிருந்தால் அங்கேயே திட்டத்தை மாற்றிக்கொள்ளலாம். உள்ளே போய்ப் பூட்டைப் பார்த்தபின் சமாதானப்படுத்துவதைவிட அது சுலபம்.

காணும் பொங்கலன்று எந்த மியூசியப் பக்கமும் போகாதீர்கள். பள்ளிகள் சுற்றுலா கூட்டிவரும் மாதங்களில் வார நாட்களின் முற்பகலையும் தவிர்த்துவிடுங்கள். ஒரே சீருடையில் நூறு பிள்ளைகள் வரிசையாகப் போகும்போது உங்கள் பிள்ளைக்குக் கண்ணாடிப் பெட்டி தெரியாது, முன்னால் போகும் பையனின் முதுகுதான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை, திறந்த உடனே உள்ளே போவதுதான் எனக்குப் பிடித்தது. சித்திரை, வைகாசி வெயிலில் குளிர்சாதனம் இல்லாத கூடங்கள் பதினொரு மணிக்கே வெந்துவிடும். அந்த இரண்டு மாதமும் கோளரங்கம், நூலகம் என்று வைத்துக்கொண்டால் நல்லது.

கிளம்புவதற்கு முந்தைய இரவு

போகும் இடத்தைப் பற்றிப் பாடம் நடத்தாதீர்கள். ஒரே ஒரு கதை போதும். எழும்பூர் போவதாக இருந்தால் நளாகிரி யானையின் கதையைச் சொல்லலாம். புத்தரைக் கொல்வதற்காக, அவருடைய உறவுக்காரனான தேவதத்தன் ஒரு யானைக்குக் கள்ளைக் கொடுத்து வெறியேற்றித் தெருவில் ஏவிவிடுகிறான். ஊரே சிதறி ஓடுகிறது. புத்தர் மட்டும் நின்ற இடத்தில் நிற்கிறார். அதற்கப்புறம் என்ன ஆயிற்று என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுங்கள். நாளைக்குக் கல்லில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு விளக்கை அணையுங்கள்.

தொடக்கூடாது என்பதை வாசலில் வைத்துச் சொன்னால் மிரட்டலாகத் தெரியும், வீட்டிலேயே காரணத்தோடு சொல்லிவிடுங்கள். நம் விரலில் எண்ணெயும் வியர்வையும் இருக்கின்றன. ஒருவர் தொட்டால் ஒன்றும் ஆகாது, நாள் முழுக்க வருகிற அத்தனை பேரும் தொட்டால் கல்லும் கறுக்கும், உலோகமும் அரிக்கும். காரணம் தெரிந்த பிள்ளை, மற்றவர்கள் தொடும்போது அவர்களையே அதட்டும். அதற்கும் தயாராக இருங்கள்.

பையில் தண்ணீர், ஒரு சின்ன நோட்டு, பென்சில் இருந்தால் போதும். பேனா வேண்டாம். தின்பண்டத்தை உள்ளே பிரிக்க முடியாது, ஆகவே நன்றாகச் சாப்பிட வைத்துக் கூட்டிப்போங்கள். போனதும் முதல் வேலை கழிவறை எங்கே என்று பார்ப்பது. கைக்குழந்தை இருந்தால் தள்ளுவண்டியை நம்பாதீர்கள், எழும்பூரிலும் கோட்டையிலும் படிக்கட்டுகள் அதிகம்.

எழும்பூர்: எதைப் பார்ப்பது, எதை விடுவது

பாந்தியன் சாலையில் இருக்கும் அரசு அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியது. முதலில் இருந்தது கல்லூரிச் சாலையில், சில ஆண்டுகளில் இங்கே வந்துவிட்டது. முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர். 1855இல் இதே வளாகத்தில் உயிருள்ள விலங்குகளையும் வைத்துக் காட்டினார். அந்தக் கூட்டம்தான் பிறகு மூர் மார்க்கெட் பக்கம் போய், 1985இல் வண்டலூர் வரை போய்ச் சேர்ந்தது. பழைய மெட்ராஸ்காரர்கள் மிருகக்காட்சி சாலையை உயிர் காலேஜ் என்றும் மியூசியத்தைச் செத்த காலேஜ் என்றும் சொல்வார்கள். இதைப் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், சிரிப்பு அடங்க நேரமாகும்.

வளாகம் பெரியது, ஒன்றுக்கு மேற்பட்ட கட்டடங்கள். உள்ளே நுழைந்ததும் வழிகாட்டிப் பலகைக்கு முன் நின்று, இன்றைக்கு எந்த இரண்டு கூடம் என்று பிள்ளையோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள். சிவப்புக் கல்லில் அரண்மனை போல நிற்கும் ஓவியக்கூடத்தை வெளியிலிருந்து பார்த்தாலே போதும். நாணயக் கூடத்தை முதல் தடவை விட்டுவிடலாம். சின்னச் சின்ன வட்டங்களைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்துக்கொண்டே போவதற்குக் கொஞ்சம் முதிர்ச்சி வேண்டும். காசு சேர்க்கும் பழக்கமுள்ள பிள்ளையாக இருந்தால் மட்டும் இதற்கு விதிவிலக்கு.

சின்னவர்கள் இருந்தால் விலங்கியல் பகுதியில் தொடங்குங்கள். திமிங்கலத்தின் எலும்புக்கூடு ஒன்று போதும், அரை மணி நேரம் ஓடிவிடும். அதன் நீளத்தைப் பிள்ளையே காலடி வைத்து அளக்கட்டும், பிறகு நோட்டில் எழுதட்டும். பாடம் செய்து வைத்த விலங்குகளைப் பார்த்து ஐந்து வயதுப் பிள்ளை "இது செத்துப்போச்சா?" என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவது நல்லது. தூங்குகிறது என்று சொன்னால் அடுத்த கேள்வி இன்னும் சிக்கலாக இருக்கும். பயந்து கையை இறுக்கிப் பிடித்தால் வெளியே வந்துவிடுங்கள். இதில் தைரியம் கற்றுக்கொடுக்க ஒன்றுமில்லை.

அடுத்து அமராவதிச் சிற்பங்கள். ஆந்திராவில் கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த பௌத்த ஸ்தூபியின் சுண்ணாம்புக்கல் பலகைகள் இவை. ஏறத்தாழ 1800, 2000 ஆண்டுப் பழமை. இவற்றோடு பிறந்த இன்னொரு பங்கு லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. பெரியவர்கள் இந்தக் கூடத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள், ஏனென்றால் தூரத்தில் பார்த்தால் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். கிட்டே போய், அந்த வட்டப் பலகையைத் தேடுங்கள். ஒரே வட்டத்துக்குள் யானை இரண்டு தடவை வருகிறது. ஒரு பக்கம் வெறிபிடித்து ஆட்களைத் தாக்கிக்கொண்டு வருகிறது, மறுபக்கம் அதே யானை புத்தரின் காலடியில் மண்டியிட்டிருக்கிறது. மாடி ஜன்னல்களிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்க்கிறார்கள், கீழே பயத்தில் ஒருவரையொருவர் பிடித்துக்கொள்கிறார்கள். முந்தைய இரவு கதை கேட்ட பிள்ளை இதைக் கண்டுபிடிக்கும்போது நீங்கள் பேசவே வேண்டாம். "ஏன் ரெண்டு யானை?" என்ற கேள்வியை மட்டும் கேளுங்கள். காமிக்ஸ் படிக்கும் பிள்ளைகள் பெரியவர்களைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள்.

செப்புத் திருமேனிகளின் கூடம் இந்த மியூசியத்தின் உயிர். இங்கேயும் எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம். மூன்று சிலை போதும்.

ஒன்று, திருவாலங்காட்டு நடராசர். பாடப்புத்தகத்தில் பார்த்த நடராசரோடு ஒப்பிட்டு, இங்கே எது இல்லை என்று கேளுங்கள். சுற்றி இருக்கவேண்டிய தீச்சுடர் வட்டம், அதாவது திருவாசி, இல்லை. அது இல்லாததாலேயே உடலின் சுழற்சி நன்றாகத் தெரிகிறது. உடுக்கை எந்தக் கையில், காலுக்குக் கீழே இருக்கும் முயலகன் எந்தப் பக்கம் பார்க்கிறான் என்று தேடச் சொல்லலாம்.

இரண்டு, திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர். "மொத்தம் எத்தனை கை?" என்று கேட்டுவிட்டுத் தள்ளி நில்லுங்கள். நான்கு என்று சட்டென்று பதில் வரும். எண்ணிப் பார்த்தால் மூன்றுதான். சிவன் பக்கம் இரண்டு, உமை பக்கம் ஒன்று. இடது பாதியும் வலது பாதியும் இடுப்பில், தோளில், உடையில் எப்படி மாறுகின்றன என்று ஒரு காகிதத்தால் கண்ணுக்கு நேரே பாதியை மறைத்து மறைத்துப் பார்க்கலாம். இதற்கு எட்டு வயதுப் பிள்ளையும் கல்லூரிப் பிள்ளையும் ஒரே மாதிரி நேரம் செலவழிப்பார்கள்.

மூன்று, எந்தச் சிலையாக இருந்தாலும் அதன் பீடம். பல பீடங்களில் துளையோ வளையமோ இருக்கும். திருவிழாவில் கம்பைச் செருகித் தோளில் தூக்கிக்கொண்டு போவதற்கானவை. கண்ணாடிக்குள் அசையாமல் நிற்கும் இவர்கள் வீதி உலா போனவர்கள் என்பது அந்தத் துளையைப் பார்த்தால்தான் உறைக்கும். பிறகு ஏன் இங்கே வந்தார்கள் என்று பிள்ளை கேட்கும். பல சிலைகள் மண்ணுக்குள் புதைந்திருந்து, உழும்போதோ அஸ்திவாரம் தோண்டும்போதோ கிடைத்தவை. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி அரசிடம் ஒப்படைத்து இங்கே வந்து சேர்ந்தவை. பாட்டியோ தாத்தாவோ கூட வந்திருந்தால் சிலைக்கு முன் செருப்பைக் கழற்றிக் கும்பிடுவார்கள். தடுக்காதீர்கள். இது கோயிலா மியூசியமா என்று பிள்ளை கேட்டால் அந்த விவாதத்தை அவர்களுக்குள் நடத்திக்கொள்ளட்டும்.

சென்னைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் ஒரு விளையாட்டு இருக்கிறது. பெயர்ப்பலகைகளில் ஊர்ப் பெயர் இருக்கும். உங்கள் மாவட்டத்துப் பொருள் ஏதாவது இருக்கிறதா என்று பிள்ளையைத் தேடவிடுங்கள். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம் என்றால் ஆதிச்சநல்லூரில் நூறு வருடத்துக்கும் முன்பு அலெக்சாண்டர் ரீ தோண்டியெடுத்த பொருட்கள் இங்கே இருக்கின்றன. தஞ்சை, நாகை, மயிலாடுதுறைக்காரர்கள் செப்புத் திருமேனிக் கூடத்தில் தடுக்கி விழுந்தாலும் தங்கள் ஊர்ச் சாமி மேல்தான் விழுவார்கள். பழைய பள்ளியை, பழைய சிநேகிதர்களை விட்டுவிட்டு வந்த பிள்ளைக்கு, "நம்ம ஊரு இங்கே இருக்கு" என்று காட்ட ஓர் இடம் கிடைக்கிறது.

பல்லாவரம், குரோம்பேட்டைப் பக்கம் குடியிருந்தால் கற்காலக் கருவிகளைத் தவறவிடாதீர்கள். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் பல்லாவரத்துச் சரளைக் குழியில் ஒரு கைக்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்பதற்கு முதல் சான்று அது. அதே ஆண்டு திருவள்ளூர்ப் பக்கம் அத்திரம்பாக்கத்திலும் இப்படிப்பட்ட கருவிகள் கிடைத்தன. அங்கே பிற்பாடு நடந்த ஆய்வுகள் அவற்றின் வயதைச் சுமார் 15 லட்சம் ஆண்டு என்கின்றன. ஃபூட் சேர்த்து வைத்ததை இந்த மியூசியம்தான் வாங்கியது. பார்ப்பதற்கு ஒரு கல், அவ்வளவுதான். அதைக் கையில் பிடித்தால் விரல் எங்கே வரும், எந்தப் பக்கம் வெட்டும் என்று பிள்ளையை யோசிக்க விடுங்கள். தினமும் மின்சார ரயிலில் தாண்டிப்போகும் ஸ்டேஷன் அதற்கப்புறம் வேறு மாதிரி தெரியும்.

இரண்டு மணி நேரத்தில் வெளியே வந்துவிடுங்கள். வளாகத்திலேயே சிறுவர் அருங்காட்சியகமும் மர நிழலும் இருக்கின்றன. பிள்ளை இன்னும் பார்க்கணும் என்று கேட்கும்போதே கிளம்புவது நல்லது. கெஞ்சிக் கேட்கும் நிலையில் கிளம்பினால் அடுத்த முறை அதுவாகவே கூப்பிடும்.

புனித ஜார்ஜ் கோட்டை

கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் இருக்கும் வளாகம், ஆகவே வாசலில் பை சோதனை உண்டு. பெரியவர்கள் அடையாள அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பேரவைக் கூட்டம் நடக்கும் நாட்களில் கெடுபிடி கூடுதல். ஞாயிறுதான் நிம்மதி.

மியூசியம் இருக்கும் கட்டடம் 1795இல் கட்டி முடித்த வணிகர் மன்றம். 1948 முதல் அருங்காட்சியகம், இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. வாள், துப்பாக்கி, பீரங்கிக் குண்டு எல்லாம் இருப்பதால் இங்கே யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. அந்தக் கூட்டத்தில் இரண்டு விஷயங்கள் நழுவிப்போகும்.

முதலாவது, திப்பு சுல்தானோடு போரிட்ட ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸின் சிலை. ஆளுயரத்துக்கு மேல் பெரிய பளிங்குச் சிலை, எல்லோரும் முகத்தைப் பார்த்துவிட்டுப் போவார்கள். கீழே பீடத்தில் செதுக்கியிருப்பதைக் காட்டுங்கள். 1792இல் போரில் தோற்ற திப்பு சுல்தான், உடன்படிக்கையை நிறைவேற்றும் வரை தன் மகன்கள் இருவரைப் பிணையாக ஆங்கிலேயரிடம் அனுப்பிவைத்த காட்சி. உங்கள் பிள்ளை வயதில் இருந்த சிறுவர்கள். யார் பக்கம் நியாயம் என்று நீங்கள் முந்திக்கொண்டு சொல்ல வேண்டாம். அந்தச் சிற்பத்தைச் செதுக்கச் சொன்னவர்கள் யார், அவர்கள் இதை எப்படிக் காட்ட விரும்பியிருப்பார்கள் என்று மட்டும் கேட்டால் போதும். பத்து வயதுக்கு மேல் உள்ள பிள்ளைகள் இதில் நன்றாகப் பேசுவார்கள்.

இரண்டாவது, 1947 ஆகஸ்ட் 15 அன்று இந்தக் கோட்டையில் ஏற்றிய மூவர்ணக் கொடி. பட்டுத் துணி. வெளிச்சம் பட்டால் சாயம் போகும், இழை நைந்துபோகும் என்பதால் பாதுகாப்பான பெட்டியில் வைத்திருக்கிறார்கள். ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்கக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைக்காது.

மியூசியத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் 1680இல் கட்டிய புனித மேரி தேவாலயம். பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்கும்படி கூரையைக் கனத்த வளைவாகக் கட்டியிருக்கிறார்கள். ராபர்ட் கிளைவ் 1753இல் கல்யாணம் பண்ணிக்கொண்டது இங்கேதான். பிள்ளைகளுக்குக் கிளைவைவிட அந்தக் கூரைதான் பிடிக்கும். பத்து நிமிடம் போதும்.

கோளரங்கமும் நூலகமும்

கோட்டூர்புரத்தில் இருக்கும் பிர்லா கோளரங்கம் 1988 முதல் இயங்குகிறது. தமிழ்க் காட்சிக்கும் ஆங்கிலக் காட்சிக்கும் நேரம் தனித்தனி. வந்து நின்ற நேரத்துக்கு எது கிடைக்கிறதோ அதில் ஏறி உட்காராமல், பிள்ளைக்குப் புரியும் மொழியில் எப்போது என்று பார்த்துக்கொண்டு போங்கள். இருட்டுக்குப் பயப்படும் பிள்ளையை வாசலுக்குப் பக்கமாக உட்கார வையுங்கள். காட்சிக்கு முன்னும் பின்னும் சுற்றிப் பார்க்கப் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையம் அதே வளாகத்தில் இருக்கிறது. இங்கே பொத்தானை அழுத்தலாம், சக்கரத்தைச் சுற்றலாம். ஏதாவது ஒன்று வேலை செய்யாமல் இருக்கும், அதற்காக மனம் உடையாதீர்கள்.

நடக்கும் தூரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம். முதல் தளத்தில் பிள்ளைகளுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. காலையில் கோள்களைப் பார்த்த பிள்ளை மதியம் அங்கே உட்கார்ந்து சனிக்கோளைப் பற்றிய புத்தகத்தை அதுவாகவே எடுப்பதைப் பார்க்கலாம். எடுக்காவிட்டாலும் பரவாயில்லை, ஏசி இருக்கிறது.

மெரினாவுக்குப் போகும் நாளில்

கடற்கரைக்கு எப்படியும் போவீர்கள். போகும் வழியில் காமராசர் சாலையில் விவேகானந்தர் இல்லம் இருக்கிறது. ஊரார் வாயில் இன்னும் ஐஸ் ஹவுஸ்தான். 1842இல் ஃபிரடெரிக் டியூடர் என்ற அமெரிக்க வியாபாரி பனிக்கட்டியைச் சேமித்து வைப்பதற்காகக் கட்டிய கட்டடம் இது. குளிர்காலத்தில் அமெரிக்காவில் உறைந்த குளங்களிலிருந்து வெட்டிய பாளங்களை மரத்தூளில் பொதிந்து, கப்பலில் மாதக்கணக்கில் கொண்டுவந்து இங்கே இறக்கினார்கள். உள்ளூரிலேயே ஐஸ் செய்யத் தொடங்கியதும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. 1897இல் விவேகானந்தர் இங்கே தங்கினார், இப்போது அவரைப் பற்றிய கண்காட்சி. உள்ளே இருப்பது கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கானது. ஆனால் பனிக்கட்டி எப்படி உருகாமல் வந்தது என்ற கேள்வியை வாசலில் போட்டால் கடற்கரை வரைக்கும் பேச்சு ஓடும். வீட்டுக்கு வந்ததும் ஒரு ஐஸ் கட்டியைத் துணியிலும் இன்னொன்றை மரத்தூளிலும் சுற்றி வைத்துப் பார்க்கலாம். மதியம் இடைவேளை விடுவார்கள், நேரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

முழு நாள் கையில் இருந்தால்: தட்சிணசித்ரா

கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில், 1996இல் திறந்தது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் என்று தென்மாநிலங்களின் பழைய வீடுகள். பெரும்பாலானவை நிஜமாகவே ஏதோ ஓர் ஊரில் ஆட்கள் குடியிருந்த வீடுகள். இடிபடவிருந்தவற்றைத் தூணும் கதவும் ஓடுமாகப் பிரித்துக் கொண்டுவந்து இங்கே மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். ஒரு நாளைக்கு ஒரு மியூசியம், இரண்டு கூடம் என்ற கணக்கு இங்கே கொஞ்சம் தளரலாம், ஏனென்றால் பிள்ளைகள் திண்ணையில் உட்காரலாம், முற்றத்தில் ஓடலாம். ஒரு வீட்டுக்கு ஒரு கேள்வி வைத்துக்கொள்ளுங்கள். செட்டிநாட்டு வீட்டில் மழைத்தண்ணீர் எங்கே போகும்? கேரள வீட்டுக் கூரை ஏன் அவ்வளவு சரிவு? நெசவாளர் வீட்டில் தறி எந்த இடத்தில் இருக்கிறது, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது?

குயவர் சக்கரத்தில் கைவைக்கும் வாய்ப்புக் கிடைத்தால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அங்கேயே இருங்கள். களிமண் நடுவில் நிற்காமல் ஒரு பக்கமாக ஓடும், பிள்ளை அழுத்த அழுத்தச் சாயும். எழும்பூரில் பார்த்த தாழிக்கும் பானைக்கும் பின்னால் எத்தனை கைப்பழக்கம் இருந்திருக்கும் என்பது அந்த ஐந்து நிமிடத்தில் புரியும். மாற்றுடை ஒன்று எடுத்துப்போங்கள்.

நுழைவுக் கட்டணம் அரசு மியூசியங்களைவிட நன்றாகவே கூடுதல், அதனால் அரைநாளுக்கென்று போவது வீண். மாமல்லபுரம் போகும் பேருந்துகள் அந்த வழியாகத்தான் போகின்றன. திரும்பும்போது ஞாயிறு மாலை ஈ.சி.ஆர். நெரிசலில் சிக்காமல் இருக்க நாலு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுங்கள்.

அங்கங்கே வரும் சிக்கல்கள்

இரண்டு பிள்ளைகள், ஐந்து வயது வித்தியாசம் என்றால் ஒரே பொருளை இருவரும் ஒரே மாதிரி பார்க்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரியவருக்கு அலைபேசியைக் கொடுத்து, தனக்குப் பிடித்த மூன்றே மூன்று பொருளைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். மூன்றுக்கு மேல் எடுத்தால் ஒன்றை அழிக்க வேண்டும் என்பது விதி. எதை வைத்துக்கொள்வது என்று யோசிப்பதற்காகவே திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பார்கள். சில இடங்களில் கேமராவுக்குத் தனி டிக்கெட் உண்டு, முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சின்னவர் அந்த நேரத்தில் ஏதாவது ஒன்றை வரையட்டும். வரைந்தது யானை மாதிரி இல்லையென்றால் என்ன, யானையை அவ்வளவு நேரம் பார்த்ததுதான் கணக்கு.

பெயர்ப்பலகை பிள்ளையின் கண்மட்டத்துக்கு மேல் இருக்கும், தமிழும் கொஞ்சம் முரடாக இருக்கும். அதை முழுக்க வாசித்துக் காட்டாதீர்கள். என்ன பொருள், எந்த ஊர், எவ்வளவு பழசு, இந்த மூன்றை மட்டும் பொறுக்கிச் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரியாததைக் கேட்டால் கூடத்தில் நிற்கும் ஊழியரிடம் பிள்ளையே போய்க் கேட்கட்டும். "அண்ணா, இது என்ன?" என்று ஒரு குழந்தை கேட்டால், நாள் முழுக்க "தொடாதீங்க, தொடாதீங்க" என்று சொல்லிச் சலித்த மனிதர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து காட்டுவார். நமக்குச் சொல்லாததையெல்லாம் சொல்வார்.

பள்ளியில் பிராஜெக்ட் இருக்கிறது, அதற்காகத்தான் போகிறோம் என்றால், தகவல் சேகரிக்க ஒரு நாளும் சும்மா பார்க்க ஒரு நாளும் தனியாக வையுங்கள். இரண்டையும் சேர்த்தால் பிள்ளை பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டே இருக்கும், சிலையை நிமிர்ந்தே பார்க்காது. சேர்த்துத்தான் ஆகவேண்டும் என்றால் முதலில் பார்க்க விடுங்கள், வெளியே வரும் முன் கடைசிப் பதினைந்து நிமிடத்தில் எழுதட்டும்.